நீ அவசரப்படுத்திய புத்தகம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சௌக்கியம், மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, இதோ வருகிறேன் என்ற பிளம்பர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

உன் கட்டுரையைப் படித்தேன். நானாகத் தேடிப் படிக்கவில்லை, எங்கள் அதிகாரி என் மேஜையில் கொண்டுவந்து போட்டார். சிறைக் கணக்கைத் தொகுத்து வருஷாவருஷம் புத்தகமாகப் போடும் எங்கள் பிரிவு, இந்த வருஷப் புத்தகத்தை வெளியிடாமல் தூங்கி வழிகிறது, இல்லையென்றால் எதையோ மூடி மறைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரு சிறையின் கணக்கு மட்டும் இன்னும் உதைக்கிறது என்று நான் போனில் சொன்னது, உள்ளிருந்து கசிந்த தகவல் என்று அச்சில் வந்திருக்கிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பெற்ற பிள்ளையிடம் பேசிய பேச்சடா அது. கேட்டிருந்தால் மீதியையும் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, சரிம்மா வைக்கிறேன் என்று வைத்துவிட்டாய். அந்த அவசரம் எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.

மீதி இதுதான். கோர்ட்டுக்குப் போன கைதியை ஒரு சிறை உள்ளே இருப்பவராக எண்ணும், இன்னொன்று வெளியே போனவராக எண்ணும். ஒருவரை இடம் மாற்றினால் இரண்டு சிறையும் எங்கள் ஆள் என்று எழுதி அனுப்பும். திருப்பிக் கேட்டால் எழுத்தர் விடுப்பில் என்பார்கள், கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்க வேண்டும். உதைத்த அந்தக் கணக்கில், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நோயாளிகளை 'மாற்றம்' என்று போட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் அங்கே இறந்துவிட்டார்கள். எங்களிடம் யாரும் சாகவில்லை என்றது சிறை. எங்களுக்கு அவர்கள் நோயாளிகள், கைதி யாரும் இங்கே சாகவில்லை என்றது ஆஸ்பத்திரி. காவலில் இறந்தவர் என்று கணக்கில் ஏறினால்தான் விசாரணை நடக்கும். அப்படி எழுதித் தரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். தாமதம் தாமதம் என்று எழுதினாயே, அந்தத் தாமதம் நான்தான்.

கட்டுரை வந்த மறுவாரமே அதிகாரி சிரித்துக்கொண்டே வந்து, உங்க பையனே அவசரப்படுறாரு, நாம எதுக்கும்மா உட்கார்ந்திருக்கணும் என்று சொல்லிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனார். என்னிடமிருந்து அதைப் பிடுங்க அதுவரை அவருக்கு ஒரு சாக்குக் கிடைக்கவில்லை, நீ கொடுத்தாய். புத்தகம் வந்துவிட்டது, செத்தவர்கள் எல்லோரும் அதில் 'மாற்றம்'. திருத்தம் போடச் சொன்னால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார். உன்னை யாரோ பாராட்டி எழுதியிருந்ததை அப்பா பெருமையாகக் காட்டினார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சமையலறைக்குள் போய் அழுதேன். வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நீ செய்ததுதான் ஆறவில்லை.

இறந்தவர்களில் ஒரு பையனின் தாய் சலவைக்கடையில் வேலை செய்கிறாள். புத்தகம் வந்ததா என்று கேட்க அடிக்கடி அலுவலகத்துக்கு வருவாள். நேற்றும் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கட்டுரை எழுதியது என் மகன் என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் காபி குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. எத்தனை கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் நான் குறை வைக்க மாட்டேன், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, பதில் எழுதும்போது எனக்குச் சமாதானம் சொல்லாதே, அந்தத் தாய்க்குப் பதில் எழுது. ஜெயில்லயும் சாகல, ஆஸ்பத்திரியிலயும் சாகலன்னா என் புள்ள எங்கதாங்க போனான், அந்தத் தம்பியையே கேட்டுச் சொல்லுங்க என்றாள்.

உன் அம்மா