நரிவெங்காயம் இல்லை

லிவாடி, தெற்குக் கரை
ஜனவரி கடைசி, நல்ல வெயில்

அன்பு மகள் ரொதான்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். அங்கே அந்த உறைபனியில் நீயும் மாப்பிள்ளை ஹென்ரிக்கும் உன் வயிற்றில் இருக்கிற செல்லமும் சௌக்கியம் என்று மாதாவை நம்பித்தான் ஆரம்பிக்கிறேன், அப்படி நம்பினால்தான் எனக்குப் பேனா ஓடுகிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று பதறாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து, அதெல்லாம் இருக்கட்டும்மா, அப்பா பிரஷர் மாத்திரை போட்டாரா சொல்லு என்பாய், கதை அறுந்துவிடும். போட்டார். இப்போது குறுக்கே பேசாமல் கேள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் தங்கலாம் என்று சோஃபுலா அத்தை வீட்டுக்கு வந்த நாங்கள் இன்னும் இராக்லியோ வீட்டுக்குத் திரும்பவில்லை. கோடையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிற அறைகள் எல்லாம் காலி, அதனால் அத்தைக்கும் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். நடுக் குளிரில் மீன்கொத்தி அடைகாப்பதற்காகக் கடல் அடங்கிக் கிடக்கும் என்பார்களே, அந்த வெயில் நாட்கள் இந்தத் தடவை நீண்டுகொண்டே போகின்றன. மலை முழுக்கப் பச்சை. ஆகஸ்டில் வந்து பார்த்துவிட்டு இது மொட்டைப் பாறை என்று சொல்லிப் போகிறவர்களை இப்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நீ என் பெயர்த் திருநாளுக்கு அனுப்பின போன் இருக்கிறதே, அதன் கேமராவை நான் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் அதைச் செய்தவனே அழுதுவிடுவான். விடிந்தால் ஆலிவ் தோப்புப் பாதையில் குப்புறப் படுத்துவிடுகிறேன். தரையோடு ஒட்டின இலைத் தட்டுக்கு நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் கொத்தாகப் பூ, என்னவென்று பார்த்தால், பிடுங்கினால் அலறும் என்று பயமுறுத்துவார்களே, அந்த மாண்ட்ரகோரா! அன்றிலிருந்து அப்பா அந்தப் பாதையில் நடப்பதில்லை, சுற்றித்தான் வருகிறார். வரி போட்ட முக்காடு போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து நாக்கை நீட்டுகிற ஒரு பூ, கல் இடுக்கில் ஊதா குங்குமப்பூ, முழங்கால் உயரத்துக்கு ஓர் ஆர்க்கிட், சிவப்பு அனிமோனி. மஞ்சள் புளியாரையை மட்டும் நான் எடுப்பதில்லை, அது எங்கிருந்தோ வந்து எல்லார் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அப்பா என் கோட்டை விரித்துப் பிடித்து நிழல் கொடுப்பார், கொடுத்துக்கொண்டே முணுமுணுப்பார். நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், இவ்வளவு ஸ்டாப் எந்த ரூட்லயும் பார்த்ததில்ல டீச்சரம்மா, ஒவ்வொரு பூவுக்கும் நிறுத்தச் சொல்றியே என்பார்.

பெயர் கண்டுபிடிப்பதற்குப் போனில் ஒரு குழு இருக்கிறது, தீவு முழுக்க உள்ள செடிப் பைத்தியங்கள் அதில் இருக்கிறார்கள். பூ, இலை, முழுச் செடி, நிற்கிற இடம் என்று படம் போட்டால் யாராவது பெயர் சொல்வார்கள். கடைசித் தீர்ப்பு சொல்கிறவன் யார் தெரியுமா? ரெதிம்னோவில் மருந்துக்கடை வைத்திருக்கிறானே ஸ்ட்ராட்டிஸ், என் பூகோள வகுப்பில் நைல் நதியைத் தெற்கே ஓடவிட்டவன், அவன்தான். இப்போது தலையில் முடி இல்லை, ஆனால் செடி விஷயத்தில் ஆள் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. என் மாண்ட்ரகோராவைப் பார்த்துவிட்டு, பிரமாதம் டீச்சர் என்று எழுதினான், எனக்கு அன்று ரொட்டி கூட இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு. அதற்கப்புறம்தான் வினை. மலைமேல் சின்னக் கோயிலுக்குப் பின்னால், கல் சுவர் ஓரமாக, அகல அகலமாக இலை விட்ட ஒரு கொத்தைப் பார்த்தேன். பூ கிடையாது. யார் பார்த்தாலும் நரிவெங்காயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நானும் அப்படித்தான் போயிருப்பேன், இலை ஓரத்தில் விரல் பட்டது. பூனைக்குட்டி காது மாதிரி மெல்லிய வெள்ளை ரோமம்! நரிவெங்காயத்துக்கு இலை வழுவழுவென்று இருக்கும், உனக்குத் தெரியும். படம் எடுத்துப் போட்டேன். ஸ்ட்ராட்டிஸ் என்ன எழுதினான் தெரியுமா? டீச்சர், அது நரிவெங்காயம், நம்ம வாசல்ல வருஷா வருஷம் தொங்குறதுதான், வயசானா மறந்துடுமா என்று எழுதி ஒரு சிரிப்பு மூஞ்சி வேறு. அவன் பின்னாலேயே மற்றவர்கள் எல்லாரும் சிரிப்பு மூஞ்சி. வாழ்க்கை முழுக்க அடுத்தவர் தாளில் சிவப்பு மை போட்டவள் நான், என் தாளில் போட்டால் சும்மா இருப்பேனா? ரோமத்தைப் பார் என்று எழுதினேன். தூசியா இருக்கும் டீச்சர் என்றான். சரி, பூக்கட்டும், பார்க்கலாம் என்று விட்டேன். நரிவெங்காயம் இலை இல்லாத மொட்டைத் தண்டில் இலையுதிர்காலத்தில் பூக்கிறது, இது இலையோடு மொட்டு விட்டால் அவன் வாயைத் திறக்க முடியாது. அப்படி வேற எதுவாவது இருந்தா நானே வந்து கிழங்கோட பிடுங்கி, அழுத்திக் காயவெச்சு பல்கலைக்கழகத்துக்கு அனுப்புறேன், உங்க பேரைப் போட்டு, என்று அவனும் சவால் விட்டான்.

இப்போது புத்தாண்டுக் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு விடியற்காலையிலேயே உன் அப்பா மண்வெட்டியோடு கிளம்பிப் போய், கைக்கு அடங்காத பெரிய கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து, வெள்ளித்தாள் சுற்றி, நாங்கள் இருக்கிற அறை வாசலில் ஆணியடித்துக் கட்டினார். வழக்கமாக வீட்டுக்கென்றுதான் கட்டுவோம், மண்ணே இல்லாமல் அது துளிர்க்கிற மாதிரி வீடும் துளிர்க்க வேண்டும் என்று. இந்தத் தடவை அவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இது ரொதான்தி பிள்ளைக்கு என்று வாய்விட்டுச் சொன்னார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் புத்தாண்டு வழக்கப்படி மாதுளம்பழத்தை வாசலில் போட்டு உடைத்துவிட்டு, விறுவிறுவென்று மலை ஏறினேன். கோயிலுக்குப் பின்னால் என் செடி இருந்த இடத்தில் பள்ளம்! நான் போட்ட கூச்சலில் பாதிரியார் மணியடிக்கிறதை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். திருடன், படுபாவி, எவன் கை வைத்தான் என்று ஊரில் ஒருத்தரை விடாமல் விசாரித்தேன். உன் அப்பா மட்டும் உள்ளே போனார். பாத்திரம் கழுவினார். ஆரஞ்சுப் பழம் உரித்து, நார் கூட எடுத்துத் தட்டில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எனக்கு நார் எடுத்துக் கொடுத்ததில்லை! எழுந்து நாற்காலி போட்டு ஏறி, வாசலில் தொங்குகிறதன் இலை ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ரோமம்.

அப்புறம் நடந்ததை நீயே நினைத்துப் பார்த்துக்கொள். அவர் சொன்ன பதிலை மட்டும் கேள். ஏன்டி, நரிவெங்காயம்னு ஊரே சொல்லுச்சே, ஸ்ட்ராட்டிஸும் சொன்னான், நீ ஒருத்திதானே இல்லன்னே, நான் யாரை நம்புறது என்றார். உடனே இறக்குங்கள், திரும்ப நட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றேன். வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். இது பிள்ளை பேரைச் சொல்லிக் கட்டினது, வருஷம் முடியாம இறக்கக் கூடாது, கை வெச்சே, நடக்கிறதே வேற என்றார். நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை, ரொதான்தி. கறுப்புப் பூனையை மடியில் வைத்து வளர்த்தவள். அவரைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கினேன், கை பாதியிலேயே நின்றுவிட்டது. முன்னே இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போனபோது நீ போன் பண்ணி ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டாயே, அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டது. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது, பயம் இருக்கிறது. கையை இறக்கிக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் வாசல் பெருக்கும்போது வெள்ளித்தாள் துண்டு ஒன்று கீழே கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவில், ஆமாம், இலைகளுக்கு நடுவில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மொட்டு! மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஆணியில் தொங்கிக்கொண்டே மொட்டு விட்டிருக்கிறது! நான் கத்தின கத்தலில் அடுப்பு பற்றிக்கொண்டது என்று அத்தை வாளித் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டாள். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே ஏறி, பக்கவாட்டில் ஒன்று, மேலேயிருந்து ஒன்று, ரோமம் தெரிகிற மாதிரி ஒன்று என்று எடுத்துத் தள்ளினேன். சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. நான் சொன்னேன் இல்லையா, நான் சொன்னேன் இல்லையா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். குழுவைத் திறந்து படத்தை வைத்தாயிற்று, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் ஸ்ட்ராட்டிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. இதைப் பார்த்தால் மத்தியானத்துக்குள் காரில் வந்து நிற்பான், கிழங்கோடு கொண்டுபோய் அழுத்திக் காயவைத்துவிடுவான். என் முகத்தைப் பார்த்துவிட்டு உன் அப்பா உள்ளே போய்க் குறடு எடுத்துவந்தார். அனுப்பு அர்கிரோ, நீ ஜெயிச்சுட்ட, நான் போய் நிஜ நரிவெங்காயமாவே ஒண்ணு தோண்டிட்டு வந்து கட்டிடறேன், பொறக்கப் போற பிள்ளைக்கு எதுன்னு தெரியவா போகுது என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறி ஆணியில் குறடை வைத்தார். ஆனால் இழுக்கவில்லை. நான் போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு, இறங்குங்கள், அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

ஆனால் ஸ்ட்ராட்டிஸ் விடுகிறவனா? சரியாக அந்த நேரம் பார்த்து, டீச்சர், உங்க அதிசயச் செடி எப்படி இருக்கு, ரோமம் தாடியா வளந்துடுச்சா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்திருந்தான். என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவசரத்தில் வாயில் வந்த பொய், ஆடு தின்றுவிட்டது என்று எழுதிவிட்டேன். அவன் அடுத்த நிமிஷமே, என்ன டீச்சர் நீங்க, நரிவெங்காயத்தை ஆடு மோந்துகூடப் பாக்காதே, விஷமாச்சே, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று எழுதினான். என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா அதை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நிதானமாக எழுதினேன். ஸ்ட்ராட்டிஸ், நீ இப்போது எழுதினதை நீயே இன்னொரு தடவை படித்துப் பார், ஆடு தின்றதென்றால் அது நரிவெங்காயமா? சானியாவில் டாக்ஸி ஓட்டுகிற அம்மாள் ஒருத்தி கைதட்டுகிற படம் போட்டாள், பின்னாலேயே மற்றவர்களும் போட்டார்கள். ஸ்ட்ராட்டிஸ் ரொம்ப நேரம் கழித்து, டீச்சர், என்று மட்டும் எழுதினான். இன்று காலையில், அந்த இடம் எங்கே, வேர் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கெஞ்சுகிறான். அடுத்த புத்தாண்டுக்கு வா, சொல்கிறேன் என்று பதில் போட்டுவிட்டேன்.

இதோடு வைத்திருக்கிற படம் நேற்று எடுத்தது, கடைத்தெருவில் காகிதத்தில் போட்டு வாங்கினேன். மாப்பிள்ளையையும் ஆர்வத்தில் நான்தான் அந்தக் குழுவில் சேர்த்துத் தொலைத்தேன், அதனால் அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் காட்டு. மொட்டு விரியுமா, காய்ந்துபோகுமா, எனக்குத் தெரியாது. அப்பா விடிந்ததும் நாற்காலி போட்டு ஏறி ஒரு கரண்டித் தண்ணீர் விடுகிறார், கேட்டால் சாரல் அடித்தது என்கிறார், மழை பெய்தே பத்து நாளாகிறது. நீ கனமான எதையும் தூக்காதே. அந்தப் பனியில் வழுக்காத செருப்பு போடு, அழகுக்குப் போடுகிறதைப் பெட்டிக்குள் வை. கீரையை வேகவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடு, அங்கே நல்ல ஆலிவ் எண்ணெய் கிடைக்காது, தகரம் ஒன்று அனுப்புகிறோம். எங்களை இராக்லியோவில் தேடாதே. விடுமுறைக்கு வந்தவர்கள் இப்போது காவலுக்கு இருக்கிறோம், ஜூனில் உன் பிள்ளை அழுகிற சத்தம் போனில் கேட்கிற வரைக்கும் நாங்கள் இந்த வாசலை விட்டு நகர்வதாக இல்லை. மாதா உன்னையும் உன் வயிற்றையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அப்பாவின் முத்தங்களும் இதில் சேர்ந்திருக்கின்றன, அவருக்கு எழுதக் கை வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
அர்கிரோ