ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

“ரேடியேட்டருக்கு போர் தண்ணி ஊத்தச் சொன்னது யாரும்மா?” என்று மெக்கானிக் மரியமுத்து கேட்டபோது, அப்பா என்று நான் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

தன் டாக்சியை எனக்குக் கொடுத்தபோது அப்பா சொன்னது நம் ஊர் தண்ணீருக்குச் சரி. காரைக்காலில் போர் தண்ணீர் உப்பு. அது இன்ஜினை உள்ளே அரித்து ஆயிலோடு கலந்துவிட்டது. மூடியைத் திறந்தால் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது.

“இதுக்கு வண்டியக் கடல்லயே எறக்கியிருக்கலாமே டீச்சர்” என்று சிரித்தார். கேஸ்கெட்டை மாற்றி, புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் வெளுத்துவிட்டது. இன்ஜின் பிளாக்கிலேயே விரிசலாம். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. வண்டி இனி ஓடாது.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். கண் பார்வை போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்கத்தானே அவர் காலையிலேயே குளித்து உட்காருகிறார்.

அரப்புத் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இந்தத் தண்ணீரில் தலை சிக்காகிவிடுகிறது, எடுத்துவிட ஆளில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

போன ஞாயிறு, பட்டறையில் நின்ற வேறொரு காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அதன் பக்கத்தில் போனைப் பிடித்தேன். ஸ்டாண்டில் எத்தனை வண்டி நின்றாலும் தன் வண்டியின் சத்தத்தைத் தனியாகப் பிரித்துச் சொன்னவர் அப்பா. வெகுநேரம் கேட்டார்.

“நம்ம வண்டி நல்லாத்தான் ஓடுது கண்ணு” என்றார்.

உங்கள் மகள்,
சுகந்தி