லண்டன் குளிசை

கொட்டாஞ்சேனை,
செவ்வாய் இரவு.

அன்புள்ள நிஷா மச்சாளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் தம்பியும் கபிஷாவும் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓய்ந்தது. வாட்ஸ்அப்பில் போடாமல் ஈமெயிலில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. மகளுக்குக் கார்ட்டூன் காட்ட றொஹான் எடுப்பது என்னுடைய போனைத்தான். இதை அவர் பார்க்கக்கூடாது.

பிள்ளைகள் சுகமா? இங்கே வெயில் தாங்க முடியவில்லை. கபிஷாவுக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேர்சரியில் பாட்டுக்குச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் காது புளித்துப்போகும் அளவுக்குப் பாடுகிறாள்.

உங்கள் சிநேகிதி பஹ்மியா அடுத்த வாரம் வரும்போது றொஹானுக்கு இன்னும், வயிற்றுக்கு நல்ல கிருமி சேர்க்கும் அந்தப் புரோபயோட்டிக் குளிசை கொடுத்துவிடுவதாகச் சொன்னீர்களாம். மச்சாள், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். கோபிக்காதீர்கள். தம்பிக்கு வயிறு சரியில்லை என்று கேட்டதும் லண்டனில் கடை கடையாகத் தேடி வாங்கி அனுப்பிய மனசு எனக்குத் தெரியும். குளிசையிலும் பிழை இல்லை. அதை வைத்து உங்கள் தம்பி செய்யும் வேலைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் இரத்மலானைக்கு வேலைக்குப் போகும் வழியில் இறைச்சி ரோல்ஸ். மத்தியானம் பொரித்த கோழியோடு சோற்றுப் பார்சல். இரவு சீஸ் போட்ட கொத்து ரொட்டி, கூடவே பெரிய கோலாப் போத்தல். நான் கட்டிக்கொடுக்கும் வல்லாரைச் சம்பலும் பருப்பும் அப்படியே திரும்பி வருகின்றன. கேட்டால் குளிசைப் போத்தலை எடுத்துக் காட்டுவார். “வயித்துக்குள்ள பத்து பில்லியன் பேர் எனக்கு வேலை செய்யிறாங்க, நீ ஒருத்தி மட்டும் ஏன் கத்துறாய்?” என்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். போன கிழமை ஒரு பிறந்தநாளில் கபிஷா மற்றப் பிள்ளைகளிடம், “எங்கட அப்பாட குளிசை போட்டா என்னவும் சாப்பிடலாம்” என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் முடியவில்லை.

ஏனென்றால், மச்சாள், சிரிக்கிற விஷயம் இல்லை இது. அவர் மெலிகிறார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார். ஒரு நாள் வயிற்றோட்டம், மறுநாள் மலச்சிக்கல். ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் கக்கூஸில் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டார். சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன். கேட்டதற்குப் பீட்ரூட் சாப்பிட்டேன் என்றார். எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கி எத்தனையோ மாதமாகிறது. இவர் மரக்கறி தொட்டால்தானே வாங்க?

நேற்று மகளின் இருமலைக் காட்ட வெள்ளவத்தையில் சுந்தரலிங்கம் டொக்டரிடம் போனேன். ஆருக்கோ கேட்பதுபோல, இப்படிச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் குளிசை மட்டும் காணுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “நல்ல கிருமிக்கும் சாப்பாடு வேணும் பிள்ளை. கீரை, பழம், பருப்பு ஒண்டும் உள்ள போகாட்டி அது என்னத்தைத் திண்டு உயிர் வாழும்? அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும், கேள்வியை மட்டும் கொண்டு வராதேயும்” என்றார். பிறகு மெதுவாக, நான் பார்த்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். இது குளிசையால் பார்க்கிற விஷயம் இல்லை, உடனே பரிசோதிக்க வேண்டும் என்றார். றொஹானின் குடும்பத்தில் ஆருக்கும் குடலில் நோய், வருத்தம் ஏதும் இருந்ததா, இருந்தால் எந்த வயதில் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, மச்சாள்.

கலியாணம் பேசும்போது உங்கள் அப்பா நவரத்தினம் மாமாவுக்கு வயிற்றில் புண் இருந்தது, ஒப்பரேஷன் தாங்கவில்லை என்று மட்டும்தான் சொன்னார்கள். ஹோலில் மாட்டியிருக்கும் படத்தில் மாமாவுக்கு ஒரு நரை முடிகூட இல்லை. இவ்வளவு இளம் வயதிலா போனார் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. றொஹானிடம் கேட்டால், “அப்பாட கதைய எடுக்காத” என்று எழும்பிப் போய்விடுகிறார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மாமாவோடு நின்றவர் அவர்தானே. என்ன நடக்கும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் டொக்டர் பக்கமே போகாமல் இந்தக் குளிசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்போது நீங்கள் கலியாணம் ஆகாமல் இருந்தீர்கள். மாமாவின் வருத்தம் இன்னதென்று வெளியில் தெரிந்தால் உங்களுக்கு மாப்பிள்ளை வராது என்று பெரியவர்கள் பயந்து மறைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். சத்தியமாக, அதைப் பிடித்து ஒரு வார்த்தை நான் கேட்க மாட்டேன். என்ன வருத்தம், எத்தனை வயதில் தொடங்கியது என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒருவருக்கும் சொல்ல மாட்டேன், டொக்டரைத் தவிர.

நீங்கள் சொன்னால் றொஹான் கேட்பார். முதலில் டெஸ்ட் செய்து ரிப்போர்ட்டை அனுப்பு, பிறகு குளிசையைப் பற்றிக் கதைப்போம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். உங்களுக்கும் அதே அப்பாதானே, நீங்களும் அங்கே ஒருமுறை டொக்டரிடம் காட்டிவிடுங்கள், மச்சாள். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி எழுதினேன்.

முருகன் உங்கள் எல்லாரையும் சுகமாக வைத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலைக்கு டொக்டரிடம் நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் எப்படியாவது பதில் போடுங்கள்.

அன்புடன்,
அனுஷியா