அப்பா தூக்காத கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், வலது தோளைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தோட மல்லுக்கட்டறான்னு நினைப்பே, காரணம் இருக்கு.

பாத்திரக்கடையில உடைஞ்ச படி தடுக்கி அப்பா விழுந்தாரே, அதுக்கு நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்கோம். அது வந்தாத்தான் தோள் ஆபரேஷன். வக்கீலம்மா முதல் நாளே, கேஸ் முடியற வரைக்கும் ஃபேஸ்புக் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க சார்னு சொன்னாங்க. இவர் கேட்பாரா? ஆபீஸ் நண்பர் ரிட்டயர் ஆன விருந்துல எல்லாரும் கையைத் தூக்கி ஓன்னு கத்தினப்போ, உன் மாமா பாசம் பொங்கி, பின்னாலேர்ந்து அப்பா கையையும் பிடிச்சு மேலே தூக்கிட்டான். அப்பா உயிர் போற மாதிரி அலறினார். யாரோ அந்த நொடியில படம் எடுத்திருக்காங்க, வாய் முழுசா திறந்திருக்கு, கை ஆகாசத்துல இருக்கு, பார்த்தா கோப்பை ஜெயிச்ச ஆள் மாதிரியே. இதுல நான் இளமையா இருக்கேன்னு அப்பா அதையே ஃபேஸ்புக்குல போட்டு, சிங்கம் எழுந்தாச்சுன்னு மேலே எழுதி வேற வெச்சார்.

போன வாரம் பேச்சுவார்த்தைக்குப் போனா, கடையோட இன்சூரன்ஸ் ஆள் அந்தப் படத்தைக் காலண்டர் சைஸுக்கு அச்சடிச்சு மேஜையில விரிச்சார். கீழே நீ எழுதினதையும் நிறுத்தி நிதானமா வாசிச்சார், அப்பா பழையபடி ஆயிட்டீங்க, இனிமே வாலிபால்தான்னு. ஏண்டி, உனக்கு வேற வாக்கியமே கிடைக்கலையா? அப்பா மூஞ்சியில ஈயாடலை. உடனே அழிச்சுடறேன்னு போனை எடுத்தார், வக்கீலம்மா லபக்குனு பிடுங்கிட்டாங்க, இப்போ அழிச்சா மறைச்ச மாதிரி ஆயிடும், இருக்கறதும் கெட்டுடும்னாங்க.

அப்பத்தான், அன்னிக்கு நான் வீடியோ எடுத்தது ஞாபகம் வந்தது. போட்டுக் காட்டினேன். மாமா தூக்கறதும், ஐயோ விடுடா தடியா, செத்தேன்டான்னு அப்பா கத்தறதும் ஸ்பஷ்டமா இருந்தது. அதோட விட்டாரா, அதே வீடியோவுல மாமாவைப் பார்த்து, உங்க அக்காவைக் கட்டினதுக்கே எனக்கு நஷ்டஈடு தரணும்னு ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் ஆள் கர்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கறார். அப்புறம் அவங்க டாக்டரே தோளைப் பரிசோதிச்சு, இந்தக் கை தானா எழும்பாதுன்னு எழுதிக் கொடுத்துட்டார். ஆபரேஷன் செலவுக்கு ஒத்துக்கிட்டாங்க, வர்ற வியாழன் தேதி குறிச்சாச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வீட்டுல தனி விசாரணை நடந்தது, தீர்ப்பு என் பக்கம்தான்.

மீதிக் கையெழுத்தெல்லாம் முடியற வரைக்கும் அப்பாவைப் பத்தி எங்கேயும் எழுதாதே, ஒரு பூப் படம்கூடப் போடாதே. போன்ல அனுப்பினா அதையும் நாலு பேருக்குத் தள்ளிவிட்டுடுவேன்னுதான் காகிதத்துல எழுதறேன். நம்ம சொந்தக்காரங்க மட்டும்தானே பார்க்கறாங்கன்னு நினைக்காதே, அந்தச் சொந்தக்காரங்களைத்தான் பயம், அதுல உன் மாமாவும் இருக்கான்.

ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு வாழணும். முக்கியமா, அம்மா எழுத்து அழகா இருக்குன்னு இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டுத் தொலைக்காதே.

இப்படிக்கு,
பிரியமுள்ள அம்மா