நர்சம்மா வீட்டுப் பேரப்பிள்ளை

அன்புள்ள மாளவிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வயசுக்கு ஏற்ற சௌக்கியத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் வெங்கடேஷும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. சாம்பார்ப்பொடியும் பருப்புப்பொடியும் வைத்த பார்சலில் இதையும் போட்டு அனுப்புகிறேன்.

போன மாதம் நீ, குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம் அம்மா என்று சொன்னதும், அடுப்பில் பால் இருக்கிறது என்று நான் போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை ஒன்றும் இல்லை, சாக்குதான். அன்றிலிருந்து நாம் மழையைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பாவிடம் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம், ஒரே நச்சரிப்பு. மைலாப்பூர்ல கீற பொம்பளைங்கள பூரா பேசிப் பேசியே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இட்டாந்தியே, பெத்த பொண்ணாண்ட ஒரு வார்த்த பேச வாய் வரலியா என்கிறார். அவர் கேட்பதும் சரிதான். கார்ப்பரேஷன் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த வருஷமெல்லாம், ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு என்று சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டு போனவள் நான். நீ ஒருத்தி போதும் என்று நிறுத்திக்கொண்டவளும் நான்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஆறாவது பிரசவத்துக்கு வந்து ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்த பெண்களைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் அதே வாயால் உன்னிடம் ஒன்றாவது பெற்றுக்கொள்ளம்மா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இங்கே ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. கறிகாய் வாங்கப் போகும்போது அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போகிறேன், முன்பெல்லாம் தடுப்பூசி போடுகிற நாளில் குழந்தைகள் அழுகிற சத்தம் தெருமுனைவரை கேட்கும், இப்போது நாலைந்து குழந்தைகள்தான், சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குத்தான் நீள வரிசை, அதில் நானும் ஒருத்தி. நம் பிளாட்டில் மாடிப்படியில் ஓடி விளையாட ஒரு பிள்ளை கிடையாது, லிப்ட் ரிப்பேரானால் மூன்றாவது மாடிக்காரர்கள் பால் வாங்கக்கூட இறங்குவதில்லை. நீ இருக்கிற கொரிய ஊரில் பள்ளிக்கூடத்தை மூடி முதியோர் இல்லம் ஆக்கிவிட்டார்கள், கொரியாக்காரர்கள் குழந்தை வண்டியில் நாய்க்குட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது இங்கேயும் பிறப்பு குறைந்துவிட்டது, இன்னும் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேப்பரில் வருகிறது. அப்பா அதை வெட்டி வைத்து உனக்கு அனுப்பச் சொன்னார், நான் அனுப்பவில்லை. அன்றைக்கு ஆள் அதிகம், நிறுத்து என்றார்கள், இன்றைக்கு ஆள் போதவில்லை, பெறு என்கிறார்கள், வயிறு என்னவோ பெண்ணுடையது.

ஜஹீதாவை உனக்கு நினைவிருக்கும், ரம்ஜான் மாதத்தில் நமக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாளே, அவள்தான். இரண்டாவது பையன் பிறந்ததோடு என் பேச்சைக் கேட்டு ஆபரேஷன் செய்துகொண்டவள். பெரியவன் யாசிர் துபாயில் இருக்கிறான், சின்னவன் உபைத் கனடாவில், வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். போன வாரம் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன், கூட ஒரு ஆள் வந்தால்தான் செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து, நர்சம்மா, ரெண்டு போதும்னு நீதான சொன்ன, ரெண்டும் பிளேன் ஏறிடுச்சு, இப்போ நீயே என்கூட வா என்று சொல்லிச் சிரித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூடப் போய் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சுற்றிப் பார்த்தால் கிழவருக்குத் துணை ஒரு கிழவி, கிழவிக்குத் துணை இன்னொரு கிழவி. ரொம்ப அலுத்துப்போனேன் மாளவிகா. ஜஹீதாவுக்காவது நான் இருந்தேன், என் வயசு உனக்கு வரும்போது அந்த ஊரில் உன்னோடு யார் வருவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பேரப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அது பொய், வேண்டும், ரொம்ப வேண்டும். ஆனால் இதையும் நினைத்தேன், ஜஹீதா இரண்டு பெற்றும் என்னோடுதானே வந்தாள்.

இன்றைக்கு அப்பாவை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடக்க அனுப்பிவிட்டு எழுதுகிறேன். வேலையில் இருந்தபோது எனக்கு ஒரு வழக்கம். ஆபரேஷனுக்கு வருகிற பெண்ணோடு மாமியார், புருஷன், அம்மா என்று ஒரு கூட்டமே வரும், எதைக் கேட்டாலும் அவர்களே பதில் சொல்வார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, உனக்கு இன்னாமா வேணும் என்று அவளிடம் மட்டும் கேட்பேன், அவள் சொல்வதுதான் முடிவு. ஒத்துக்கொண்டு வந்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. மாமியார்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்கள், அம்மாக்களைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. பெத்தவ நானு, எனக்குத் தெரியாதா அவ மனசு என்பார்கள். கையைப் பிடித்துக் கொண்டுபோய் வெளியே உட்கார வைப்பேன். யார் யாரிடமோ அப்படிக் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், உனக்கு என்னம்மா வேண்டும்? பதிலை எனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. ஏற்கெனவே சொன்னதுதான் பதில் என்றால் அதுவே இருக்கட்டும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, போட்டவுடனே காபி குடிக்காதே. அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடியில்லாமல் ரொம்ப காலம் இருக்க வேண்டும்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா,
வேம்பு