லோரெய்ரோ என்று மட்டும் எழுது

லோரெய்ரோ, போர்ச்சுகல்
4 மார்ச் 1968

என் செல்லத் தம்பி பெல்மிரோவுக்கு,

பாரீஸ் குளிர் உன்னை விட்டுவைத்திருக்கிறதா? இங்கே அணை வேலை முடிந்துவிட்டது. தண்ணீர் ஏறுவதற்குள் கல்லறைகளைத் தோண்டி மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மலையில் நிற்கிற பிரிஞ்சி மரங்களால் ஊருக்கு லோரெய்ரோ என்று பெயர் வந்தது, ஊரால் நமக்கெல்லாம் வந்தது. இன்று அதுவே வினை. "எந்த மரியா லோரெய்ரோம்மா? செத்தவங்க எல்லாரும் லோரெய்ரோவா இருக்காங்களே!" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்கிறார். எலும்புப் பெட்டிமேல் பட்டப்பெயரையும் எழுதச் சொல்கிறார். அம்மாவுக்கு எழுதட்டுமா?

உன் அக்கா
தியோலிந்தா

பாரீஸ்
17 மார்ச் 1968

அன்புள்ள அக்கா,

எழுதாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும். "கோழித்திருடி மகனே, இன்னிக்கு எந்த வீட்டுக் கோழிடா?" என்று ஊரே கேட்டதை மறந்துவிட்டாயா? நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குச் சாறு வைக்கத்தானே அம்மா ஒரே ஒரு கோழியைத் தூக்கினாள்! செத்த பிறகாவது அவள் மானத்தோடு இருக்கட்டும். மரியா லோரெய்ரோ, அவ்வளவு போதும். இங்கே என் பட்டப்பெயர் ஒருத்தனுக்கும் தெரியாது. நிம்மதியாக இருக்கிறேன்.

பெல்மிரோ

லோரெய்ரோ
9 ஏப்ரல் 1968

தம்பி,

நீ சொன்னபடியே செய்தேன். பாவி நான், செய்தேன். சொன்ன நாளுக்கு முன்பே லாரி வந்து எல்லாப் பெட்டிகளையும் ஏற்றிப் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மற்ற மரியாக்களுக்கெல்லாம் பட்டப்பெயர் பார்த்து அவரவர் பெண்கள் பெட்டியை வாங்கிவிட்டார்கள். வெறும் மரியா லோரெய்ரோ என்று எழுதி, நம் ஊரிலிருந்து பக்கத்து ஊர்களுக்குக் குடிபோனவர்களின் பெட்டிகளும் வந்திருந்தனவாம். கேட்பாரில்லை என்று அதையெல்லாம் ஒரே குழியில் கொட்டி மூடிவிட்டார்கள். "முன்னாடியே ஒரு பேரு சொல்லியிருக்கலாமேம்மா" என்கிறார் மேஸ்திரி. எந்த மண்ணில் நான் மெழுகுவர்த்தி ஏற்றுவேன்? பிரிஞ்சி மரங்களையும் வெட்டியாயிற்று. பட்டாளத்துக்குப் போகாமல் ஓடிப்போன உன்னை வா என்று கூப்பிட முடியாது. பதிலாவது போடு. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தியோலிந்தா

பாரீஸ்
2 மே 1968

மதிப்பிற்குரிய அம்மா,

என் பெயரும் பெல்மிரோ லோரெய்ரோதான். என் பாட்டனும் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்தானாம். எங்கள் தகரக் குடிசைகளுக்குக் கதவு எண் கிடையாது, தபாலை மொத்தமாகக் காப்பிக்கடையில் போட்டுவிடுவார்கள். உங்கள் கடிதத்தை எனக்கென்று நினைத்துப் பிரித்துவிட்டேன். 'தம்பி' என்று பார்த்ததுமே மூடிவிட்டேன், எனக்கு அக்கா கிடையாது. இதோடு வைத்திருக்கிறேன்.

எப்படிச் சொல்வது அம்மா! இங்கே எங்கள் பெயர்க்காரர்கள் ஏராளம். போன வாரம் கட்டட வேலையில் மண் சரிந்து ஒரு பெல்மிரோ லோரெய்ரோ இறந்துவிட்டார். கள்ளத்தனமாக எல்லை தாண்டி வந்தவர், கையில் ஒரு காகிதமும் இல்லை. யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் நாங்களே புதைத்தோம். சிலுவையில் பெயர் மட்டும் போட்டோம்.

இங்கே எல்லாருக்கும் ஊர்ப் பட்டப்பெயர் உண்டு, என்னை மொட்டை என்பார்கள். "உன்னை ஊர்ல என்னடா கூப்பிடுவாங்க?" என்று கேட்டால் இறந்துபோனவர் மட்டும் எழுந்து போய்விடுவார். கோழிச் சாறு வைத்த நாளில் எங்களோடு உட்கார மாட்டார். அவரைப் பற்றி வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது.

உங்கள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறவர்தானே அம்மா? கோழியும் சாப்பிடுவார் என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னொரு பெல்மிரோ லோரெய்ரோ