நான்காம் படத்துப் பின்னல்

மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் சித்தியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உத்தரவில் கையெழுத்துப் போட்டது மேனேஜர், அதற்கு வேண்டிய காரணத்தை எழுதிக் கொடுத்தது நீ. இதைச் சொல்லிவிட்டுத்தான் என்னால் நலம் விசாரிக்க முடிகிறது. நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அறையில் ஜன்னல் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றாயே, சரிசெய்து கொடுத்தார்களா. இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். சித்திக்கு வலது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது, தொடையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டியது பிடித்துக்கொண்டது என்கிறார் டாக்டர், அந்த இடத்தில் இனி முடி முளைக்காது என்றும் அவரே சொல்லிவிட்டார். உனக்கு ஒன்பது தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. போனை எடுக்காமல் இருந்துவிடலாம், தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போனதை மிதிக்காமல் நீ உள்ளே போக முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னதில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நிதானமாகக் கேள். நூல் சுற்றும் மிஷினுக்கு அடியில் ஒரு தண்டு சுழலும், நீ பள்ளிக்கூட லீவில் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது எட்டிப் பார்த்திருக்கிறாய். கழிவு நூல் அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும். தண்டுக்கு மேலே இரும்பு மூடி ஒன்று உண்டு, நாலு திருகாணி. கழிவை எடுக்க வேண்டுமானால் மிஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும், அஞ்சு நிமிஷம் போகும். எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் கடிகாரம், நாங்கள் கழிப்பறைக்குப் போய் வருவதைக்கூட மணிக்கட்டைப் பார்த்து அளப்பவன். அவன் மழைக்காலம் தொடங்கும் முன்னாலேயே எங்கள் வரிசையில் பதினோரு மூடியையும் கழற்றி ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போட்டுவிட்டான், இன்னும் அங்கேதான் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஓடும்போதே குனிஞ்சு எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்கம்மா, வளைஞ்சா இடுப்புக்கும் நல்லதுதானே என்று சிரித்தான். மூன்றாம் தேதி சித்திக்கு அந்த வாரத்தில் மூன்றாவது இரட்டை ஷிப்ட், பதினாலாவது மணி நேரம். குனிந்தாள். காலையில் போட்ட முடிச்சு வேர்வையில் தளர்ந்திருந்தது, வலது பின்னல் தோளில் இறங்கியது, தண்டு பிடித்துக்கொண்டது. நான் இரண்டு மிஷின் தள்ளி நின்றேன். சுவிட்ச் வரிசைக் கோடியில் இருக்கிறது, நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் தலைமுடியைக் கட்டாமல் இல்லை. கட்டித்தான் இருந்தாள், நம் எல்லாரையும்விட ஒழுங்காகக் கட்டுபவள் அவள். பின்னல் என்ன இரும்பு மூடியா?

அந்தப் பின்னலே அவள் கண்டுபிடித்ததுதானே. உனக்கும் ஒன்பதாம் வகுப்பு வரை அதைத்தான் போட்டுவிட்டாள், உட்கார மாட்டேன் என்று நீ நெளிவாய், சீப்பால் மண்டையில் ஒன்று வைப்பாள். காலையில் சங்கு ஊதுவதற்குள் சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, பஸ்ஸைப் பிடிப்பவளுக்குக் கண்ணாடி முன்னால் நிற்க எங்கே நேரம். விடுமுறை நாளில் தலைக்குக் குளித்து, ஈரம் துளிகூட இல்லாமல் காயவிட்டு, நுனியில் மட்டும் எண்ணெய் தொட்டுப் பின்னினால் நாலு நாள் கலையாது, படுக்கும்போது ஒரு பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டால் சிக்கும் விழாது. கொண்டை ஊசி கூடாது, மிஷினில் விழும். கொண்டையும் கூடாது, தொப்பிக்குள் அடங்காது. இதையெல்லாம் யாரும் எங்களுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை, அவள்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தி தலையாகப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். வரிசை முழுக்க அதற்குச் சித்தி பின்னல் என்றே பேர், நீ அவளைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

ஆறாம் தேதி நீ போன் பண்ணினாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சித்தி எப்படி இருக்கு என்று கேட்டாய், அப்புறம் தயங்கித் தயங்கி, அம்மா, சித்தி பின்னலை எப்படிப் போடணும், மறந்துபோச்சு, ஒண்ணொண்ணா சொல்லேன் என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தூரத்தில் இருந்தாலும் பிள்ளைக்குச் சித்தி மேல் எவ்வளவு பாசம், அவளுக்கு இப்படி ஆனதும் அவளை மாதிரியே பின்னிக்கொள்ளத் தோன்றுகிறது பார் என்று நினைத்தேன். வார்டுக்குள்ளேயே போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். நடு வகிடு எடுத்து, காதுக்குப் பின்னால் ஒரு விரல் கடை விட்டுத் தாழ்வாக ஆரம்பி, முதல் மூன்று மடிப்பு தளர்வாக இருக்கட்டும், பாதியில் துணிப்பட்டையைச் சேர்த்துப் பின்னு, இரண்டையும் பிடரியில் மாற்றித் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து பட்டையோடு பட்டை முடிச்சுப் போடு. கட்டுப் போட்ட தலையைத் திருப்ப முடியாமல் படுத்துக்கொண்டே அவள் திருத்தினாள். பழைய துணின்னு சொல்லுக்கா, இத்துப்போன துணியா இருக்கணும், புதுசு கூடாதுன்னு சொல்லு என்றாள். ஏன் என்று நீ கேட்டாய். இழுபட்டா துணி முதல்ல அறுந்துடணும், தலை அறக்கூடாது என்றாள். அவள் குரலே உனக்குக் கேட்டிருக்கும். அவள் பட்டை அன்று அறுந்ததால்தான் இடது பின்னலையும் தண்டு இழுக்கவில்லை, பாதித் தலையாவது மிஞ்சியது. நீ உம் கொட்டிக்கொண்டே இருந்தாய். நீ எழுதிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

பதினாலாம் தேதி மில் கேட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டினார்கள். உழைக்கும் பெண்களுக்கு மூன்று நிமிடத்தில் ஆறு கூந்தல் முறைகள். வழவழப்பான தாள், ஆறு படம், ஆறிலும் ஒரே பெண், அவளுக்குப் பின்னால் ஒரு பூந்தொட்டி. வேலைக்குப் போகிறவள் மாதிரியே இல்லை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் மாதிரி சிரிக்கிறாள். நான்காம் படத்துக்குக் கீழே ஒரு விரல் கடை விட்டு என்று இருந்தது. அதைப் படித்ததும் உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது, கம்பெனியின் தலைமை ஆபீசில், பாதுகாப்புப் பிரிவில் எழுதுகிற வேலை என்று நீ சொன்னது இதுதான் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். கடிகாரம் ஒரு பதிவேட்டை நீட்டினான், தாள் கிடைத்ததற்குக் கையெழுத்து என்றான். முதல் ஆளாகப் போட்டேன். நான் போட்டதைப் பார்த்து வரிசையில் எல்லாரும் போட்டார்கள். பதிவேட்டின் தலைப்பில் போன மாதத் தேதி இருந்ததை யாரும் பார்க்கவில்லை, நான் பெருமையில் பார்க்கவில்லை. தாளின் அடியிலும் அதே போன மாதம் பன்னிரண்டாம் தேதி. அதற்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி. படத்தில் உள்ளபடி கூந்தலைக் கட்டாமல் நேரும் விபத்துக்குத் தொழிலாளியே பொறுப்பு. மறுநாள் சித்திக்கு உத்தரவு வந்தது. போன மாதமே தாள் மூலம் அறிவுறுத்தியும் நான்காம் படத்தில் காட்டியபடி கட்டாததால் விபத்து நேர்ந்தது, விசாரணை முடியும்வரை வேலை இல்லை. அவள் கண்டுபிடித்ததை அவளே கற்றுக்கொள்ளவில்லையாம். படித்துக் காட்டினேன், சிரித்தாள், சிரித்தால் தையல் இழுக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மூடியைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு எழுத்து இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி கேட்டாள், அக்கா, உங்க பொண்ணு நம்ம தலையை நல்லா படிச்சிருக்கா, மிஷினைப் படிக்கலையா என்று. நான் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறாய். பழைய துணி என்று சித்தி படித்துப் படித்துச் சொன்னதை எடுத்துவிட்டு, கம்பெனி நிறத்தில் நைலான் ரிப்பன் என்று போட்டிருக்கிறாய். படத்துக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தாயா, மேலே இருப்பவர்கள் மாற்றச் சொன்னார்களா, எனக்குத் தெரியாது. கேட்டில் ஆளுக்கு ரெண்டு ரிப்பன் கொடுக்கிறார்கள், கட்டாதவளை உள்ளே விடுவதில்லை. நைலான் அறாது, மகளே. இழுத்துப் பார், உன் விரல்தான் அறும். சித்தியின் இடத்தை விட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று அவள் மகள் நேற்றிலிருந்து அதே மிஷினில் நிற்கிறாள், உன்னைவிட நாலு வயது சின்னவள், தலையைச் சுற்றி உன் நீல ரிப்பன், காலடியில் மூடி இல்லாத தண்டு. அவள் குனியும்போதெல்லாம் எனக்குக் கை வேலையில் நிற்கவில்லை. இன்று காலை பஸ்ஸில் அவள் ரிப்பனைக் கத்தரியால் பாதிப் பாதி வெட்டிவிட்டேன், வெளியே தெரியாது, இழுத்தால் அறுந்துவிடும். எங்கள் வரிசையில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், பஸ் அரை மணி நேரம்தான் ஓடுகிறது.

விசாரணை இருபத்தைந்தாம் தேதி. நான் போய் ஆறாம் தேதிதான் என் மகள் கேட்டாள் என்று சொன்னால், அக்காக்காரி அப்படித்தான் சொல்லுவா என்பார்கள், அதோடு என் கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள். என் போன் பழைய பட்டன் போன், இருபது அழைப்புக்கு மேல் வைத்துக்கொள்ளாது, உன் ஆறாம் தேதியை நான் அடித்த போன்கள் எப்போதோ தள்ளிவிட்டன. வேறு யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் சித்திக்கும்தான் தெரியும். உனக்கு அங்கே வேலை போய்விடும் என்கிற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நான் பட்டது எனக்குத்தான் தெரியும், நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று உனக்குத் தலை வாரிவிட்டதும் சித்திதான். ஒருவேளை அந்தப் பொறுப்பு வரியை நீ எழுதாமல் வேறு யாரோ சேர்த்திருக்கலாம், தேதியையும் வேறு யாரோ போட்டிருக்கலாம். அப்படியானால் அதையும் சொல். சொல்லாமல் இருந்தால் நீயே போட்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன், சித்தி அப்படி எடுத்துக்கொள்ள மாட்டாள், அவள் இன்றைக்கும் புள்ளைக்கு என்ன நெருக்கடியோ என்றுதான் சொல்கிறாள், அதைக் கேட்கும்போதுதான் எனக்கு எரிகிறது.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். தலையை இழுத்து உச்சியில் கொண்டை போட்டிருக்கிறாய், நெற்றியோரம் இரண்டு பக்கமும் முடி பின்வாங்கியிருக்கிறது. தினமும் அப்படி இறுக்கினால் வேர் செத்துவிடும், அப்புறம் எந்த எண்ணெயும் கொண்டுவராது, தாழ்வாகத் தளர்வாகப் போடு. இந்தக் கோபத்திலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நோய் நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல் இரு, அதுதான் என் ஆசீர்வாதம், மூடி இல்லாத இடத்தில் எதற்காகவும் குனியாதே. தாளுக்குப் பஞ்சம் வந்துவிடப் போகிறது என்று ஒரு வெள்ளைத் தாளும், உன் பெயர் எழுதாமல் என் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் இதற்குள் வைத்திருக்கிறேன். நிறைய எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பதிவேட்டில் முதலில் கையெழுத்துப் போட்ட
உன் அம்மா

சித்தி பின்னலை எப்படிப் போடுவது என்று என்னிடம் எந்தத் தேதியில் கேட்டாய்? அந்தத் தேதியை மட்டும் எழுதி, கீழே உன் முழுக் கையெழுத்தைப் போட்டு, இருபத்தைந்துக்குள் அனுப்பு.